கராஜில் கூடிய சங்கம்

சங்கக் கூட்டம் என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, முகாமில் இருந்தால் முகாம் குழு என்று ஏதாவதொன்றின் கூட்டத்தில் மாதம் ஒரு தடவையாவது நாம் போய் இருக்கின்றோம். சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்படும். கணக்கு வாசிக்கப்படும். உத்தியோகத்தர் ஒருவர் வந்து பேசுவார். தேநீர் வரும். எல்லாம் முடிந்தபின் வேலியோரம் நின்று கதைக்கும்போதுதான் பல வேளைகளில் உண்மையான அலுவல் நடக்கும்.

இங்கே சொல்லப்போவதும் ஒரு சங்கத்தின் கதைதான். கணனி செய்வோரும் கணனிக்கு வேண்டிய மென்பொருள் எழுதுவோரும் கூடிய சங்கம் அது. 1975ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் ஆரம்பமானது. அதன் பெயர் 'ஹோம்புறூ கொம்பியூட்டர் கிளப்'. ஹோம்புறூ என்றால் வீட்டிலேயே காய்ச்சி வடித்தது என்று பொருள். எமது பக்கத்தில் ஒரு சங்கத்துக்கு அப்படிப் பெயர் வைத்தால் பொலிசார்தான் முதலில் அங்கத்தவராவார்கள்! அவர்கள் வடித்தது சாராயம் அல்ல, கணனி.

அந்நாளில் கணனி என்பது அரசாங்கம், பெரிய கம்பனி, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சொத்து. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கண்ணால் பார்ப்பதற்கே அனுமதி வேண்டும். சாதாரண மனிதர் ஒருவர் அதைத் தன் வீட்டில் வைத்திருப்பார் என்று எவரும் நினைக்கவில்லை. 1975 ஜனவரியில் 'பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்' என்ற சஞ்சிகையின் அட்டையில் ஒரு சிறிய பெட்டியின் படம் வந்தது. 'அல்ரயர் 8800' என்று பெயர். பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவதானால் ஏறக்குறைய 400 டொலர். அதற்கு எழுத்துப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிச்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. சுவிச்சை மேலும் கீழும் தட்டித்தான் கட்டளை கொடுக்க வேண்டும். அதன் ஞாபகம் 256 எழுத்துகள் அளவே. இந்தப் பந்தியின் பாதியைக்கூட அதில் அடக்க முடியாது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் காசு அனுப்பி அதற்காகக் காத்திருந்தனர்.

(இந்தப் பெட்டியைச் செய்த எட் றொபேட்ஸ் என்பவரைப் பற்றி எமது வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர். 1977இல் தன் கம்பனியை விற்றுவிட்டு ஜோர்ஜியா மாநிலத்தில் காணி வாங்கிக் கமம் செய்யப் போனார். பின்னர் நடுவயதில் மருத்துவம் படித்து ஒரு சிறிய ஊரில் வைத்தியராக இருந்து 2010இல் காலமானார்.)

முதற் கூட்டம்

சங்கத்தைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் கோர்டன் பிரெஞ்ச் என்ற பொறியியலாளர். மற்றவர் பிரெட் மூர். மூர் கணனித் துறைக்காரர் அல்லர், சமாதானத் தொண்டர். 1959இல் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர், அங்கு மாணவர்க்குக் கட்டாயமாக இருந்த இராணுவப் பயிற்சியை எதிர்த்துப் படிக்கட்டில் இருந்து உண்ணாவிரதமிருந்தார். பின்னர் படைக்கு ஆட்சேர்க்கும் சட்டத்துக்கு இணங்க மறுத்துச் சிறையிலும் இருந்தார்.

மூரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. சுழற்சி நிதிக்காக அடிபட்ட சங்கங்கள் இதை விளங்கிக்கொள்ளும். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிரசுரத்தை மூடும் விழா நடந்தது. அதன் ஆசிரியர் 20,000 டொலரைக் காசாகக் கொண்டுவந்து கூட்டத்தின் முன் வைத்து, இதை என்ன நல்ல காரியத்துக்குச் செலவிடலாமென்று நீங்களே தீர்மானியுங்கள் என்றார். ஆளுக்கொரு யோசனை. இரவு முழுவதும் வாக்குவாதம். சிலர் காசை எடுத்துக்கொண்டும் போய்விட்டனர். விடியும் வேளையில் மிஞ்சியிருந்த ஏறக்குறைய 15,000 டொலர் மூரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. காசே மனிதரைப் பிரிக்கிறது, ஒருவருக்கொருவர் தெரிந்ததைக் கொடுத்து வாங்கினால் போதும் என்று அன்றிரவு முழுவதும் வாதாடியவர் அவர்தான். அவர் கையிலேயே காசு வந்து சேர்ந்தது!

மூரும் பிரெஞ்சும் ஓர் அறிவித்தல் அடித்தனர். சொந்தமாகக் கணனி செய்கிறீர்களா, அதற்கான ஏதாவது கருவி செய்கிறீர்களா, அப்படியானால் ஒத்த மனமுள்ளவர்களோடு வந்து கதையுங்கள் என்பதே அதன் சாரம். அதை அங்குமிங்கும் விளம்பரப் பலகைகளில் குத்தினர், சிலருக்குத் தபாலிலும் அனுப்பினர். 1975 மார்ச் 5ஆம் திகதி புதன்கிழமை இரவு மென்லோ பார்க் என்ற ஊரில் பிரெஞ்சின் வீட்டுக் கார்க் கராஜில் கூட்டம். மழை பெய்துகொண்டிருந்தது. 32 பேர் வந்தனர். யாரோ ஒரு அல்ரயரைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார். ஆனால் அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று அங்கு எவருக்கும் திட்டமாகத் தெரியாது. கூட்டத்தின் முடிவில் ஒருவர் தன்னிடமிருந்த ஒரு கணனிச் சில்லை உயர்த்திக் காட்டி, யாருக்கு வேண்டும் என்று கேட்டு, கேட்டவருக்குச் சும்மா கொடுத்தார். பத்து நாட்களின் பின் மூர் ஒரு செய்திமடலை எழுதி அனுப்பினார். யார் யார் வந்தனர், யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தேவை என்பவையே அதில் இருந்தன.

அடுத்த மாதம் ஒரு பாடசாலையில் நடந்த கூட்டத்துக்கு ஸ்ரீவ் டொம்பியர் என்பவர் தன் அல்ரயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிலத்தில் இருந்து சுவிச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கட்டளைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடியும் தறுவாயில் யாரோ மின்கம்பியில் காலை இடறிவிட, எல்லாம் அழிந்துபோயிற்று. முதலிலிருந்து மீண்டும் தட்டினார். பக்கத்தில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி வைத்திருந்தார். கணனியிலிருந்து கசியும் மின்னலைகள் அந்த வானொலியில் இரைச்சலாக வரும். அந்த இரைச்சலையே சுருதியாக்கி ஒரு பாட்டை இசைக்கச் செய்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு வேலைக்கும் உதவாது என்று பலர் சொன்ன பெட்டி பாடிவிட்டதல்லவா!

கூட்டம் நடந்த முறை

ஆட்கள் பெருக, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அணுத்துகள் ஆய்வு நிலையத்தின் பெரிய மண்டபத்துக்குக் கூட்டம் மாறியது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கூடினர். சில நூறு பேர் வரத் தொடங்கினர். கூட்டத்தை நடத்தியவர் லீ பெல்சன்ஸ்ரைன் என்ற பொறியியலாளர். கையில் ஒரு நீண்ட தடி வைத்திருப்பார். பிள்ளைகளை அடிக்க அல்ல, பேச வேண்டியவரைச் சுட்டிக்காட்ட!

அவர் நடத்திய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் கை உயர்த்தியவர் ஒவ்வொருவராக எழுந்து சுருக்கமாகச் சொல்வார். நான் இன்னது செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு இன்னது தேவை, இன்னது மலிவாகக் கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவுதான். பதில் அங்கே சொல்லப்படுவதில்லை. யார் எங்கே இருக்கிறார் என்று எல்லோரும் முகம் பார்த்து வைத்துக்கொள்வர். ஒரு வரைபடம் போல என்பதால் அதற்கு 'வரைபடப் பகுதி' என்று பெயர். இரண்டாம் பகுதியில் தடுப்பு எதுவுமில்லை. எல்லோரும் எழுந்து, தமக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய் மூலைமூலையாகக் கதைப்பர். சாமான் மாற்றுவர். வரைபடங்களைப் பிரதி பண்ணிக் கொடுப்பர். சில நாட்களில் ஒருவர் தான் செய்ததைக் காட்டி விளக்கம் சொல்வார். மண்டபம் மூடியதும் வாகனத் தரிப்பிடத்தில் நின்று தொடர்வர், பிறகு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயும் தொடர்வர்.

கட்டாயச் சந்தா இல்லை. செய்திமடலுக்கு விரும்பியவர் விரும்பியதைக் கொடுத்தனர். வேலியோரக் கதைக்குத்தான் பெறுமதி அதிகம் என்று கண்டுகொண்டு, அதையே கூட்டத்தின் பாதியாக்கிவிட்டார் பெல்சன்ஸ்ரைன். எமது சங்கங்களில் உத்தியோகத்தர் பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். பின்வரிசையில் இருக்கும் முதியவருக்கு மிளகாயில் இலைச்சுருளை எப்படித் தடுப்பதென்று தெரியும். அதை அவர் சொல்ல ஒரு நிமிடமும் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

பின்வரிசை என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஸ்ரீவ் வொஸ்னியாக் என்ற 24 வயது இளைஞர், கூச்ச சுபாவம் உடையவர், முதற் கூட்டத்துக்கே வந்திருந்தார். எழுந்து பேச வராது. ஆனால் அன்றிரவு கையில் கிடைத்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு கணனி செய்யலாம் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனார். அல்ரயருக்குள் இருந்த சில்லு அவர் வசதிக்கு மிஞ்சிய விலை. 1975 செப்ரெம்பரில் வேறொரு கம்பனி தன் புதிய சில்லை 25 டொலருக்கு விற்றது. அதை வாங்கி, எழுத்துப் பலகையும் தொலைக்காட்சித் திரையும் பொருத்தக்கூடிய ஒரு கணனியை வடிவமைத்தார். கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் காட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் அதன் வரைபடத்தைப் பிரதி எடுத்துச் சும்மா கொடுத்தார்.

அவருடைய நண்பர் ஸ்ரீவ் ஜொப்ஸ் வேறு விதமாக யோசித்தார். வரைபடத்தை வாங்கிப் போகிறவர்களுக்குப் பொருத்த நேரமில்லை. நாமே செய்து விற்றால் என்ன? சங்கத்துக்கு வந்து போகும் கடைக்காரர் ஒருவர் ஒன்று 500 டொலர் வீதம் 50 கணனிகள் கேட்டார். 1976 ஏப்ரல் 1ஆம் திகதி 'அப்பிள்' கம்பனி பிறந்தது. இன்று அதன் பெயர் தெரியாதவர் இல்லை.

நாடாவும் கடிதமும்

அல்ரயருக்கு ஒரு குறை இருந்தது. அடுப்பும் சட்டியும் இருந்தாலும் எதை எப்போது போடுவதென்று தெரிந்தவர் இல்லாவிட்டால் கறி ஆகாது. அப்படிச் சொல்லிக்கொடுப்பதே மென்பொருள். 'பேசிக்' என்ற இலகுவான கணனி மொழியை அல்ரயர் விளங்கிக்கொள்ளும்படி செய்யும் மென்பொருளைப் பில் கேற்ஸ், போல் அலன் என்ற இரு இளைஞர்கள் எழுதினர். கேற்சுக்கு அப்போது 19 வயது. அது துளையிட்ட கடதாசி நாடாவில் பதியப்பட்டிருந்தது. தனியே வாங்கினால் விலை பல நூறு டொலர். கம்பனியின் ஞாபகப் பலகையையும் சேர்த்து வாங்கினால் மலிவு. ஆனால் அந்தப் பலகையோ ஒழுங்காக வேலை செய்யாது என்று பெயரெடுத்திருந்தது. ஏற்கெனவே காசு கட்டியவர்களும் மாதக் கணக்கில் காத்திருந்தனர்.

1975 ஜூனில் அல்ரயர்க் கம்பனி ஒரு ஹோட்டலில் கண்காட்சி வைத்தபோது, அந்த நாடாவில் ஒன்று காணாமற் போயிற்று. அது பிரதி பண்ணப்பட்டுச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெட்டி நிறைய வந்தது. நிபந்தனை ஒன்றே: ஒன்று எடுத்தால் அடுத்த முறை இரண்டு பிரதி கொண்டுவர வேண்டும். விதைநெல் ஒரு புசல் வாங்கி இரண்டு புசலாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் போல என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். ஆனால் விதைநெல் கொடுப்பவர் தன் களஞ்சியத்திலிருந்து கொடுக்கிறார். இங்கே கொடுத்தவர்களுக்கு அந்த நாடா சொந்தமல்ல.

1976 பெப்ரவரி 3ஆம் திகதியிட்டு கேற்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சங்கத்தின் செய்திமடலே அதைப் பிரசுரித்தது. எமது மென்பொருளைப் புகழ்கிறீர்கள், ஆனால் அல்ரயர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. இதற்கென்று பாவித்த கணனி நேரத்தின் பெறுமதி மட்டும் 40,000 டொலருக்கு மேல். கிடைத்த வருமானத்தைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 2 டொலர்கூட வரவில்லை. இப்படியானால் யார் நல்ல மென்பொருள் எழுதுவார்? இது களவு. இதுவே கடிதத்தின் சாரம்.

சங்கத்தவர் கொதித்தனர். பதில்கள் பறந்தன. அந்தக் கணனி நேரம் பல்கலைக்கழகத்தின் கணனியில் கிடைத்தது தானே, அதற்குப் பொதுப்பணம் செலவாகவில்லையா என்று சிலர் கேட்டனர். வேறு சிலர், பிரதி பரவியபடியால்தான் அல்ரயர் பேசிக் எங்கும் பழக்கமாயிற்று என்றனர். பின்னாளில் அதுவே மைக்கிரோசொப்ட் கம்பனிக்கு இலாபமாயிற்று என்போரும் உண்டு. எமது எண்ணத்தில் கேற்ஸ் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அங்கே வரவில்லை. உழைத்தவர் கூலி கேட்பது பிழையல்ல. அதே வேளை, அவர் கடிதத்தில் கண்டித்த மனிதர்கள்தான் இந்தத் தொழிலுக்கே பாத்தி கட்டினார்கள் என்பதும் உண்மை. தங்கள் கண்டுபிடிப்புகள் பலவற்றை அவர்கள் விலைபேசாமலே பகிர்ந்துகொண்டனர்.

பதில் ஒன்று செயலில் வந்தது. ரொம் பிற்மன் என்பவர் ஒரு சிறிய பேசிக் மென்பொருளை எழுதி 5 டொலருக்கு விற்றார். 5 டொலர் என்றால் பிரதி பண்ணுவதே வீண் வேலை. வாங்கியவர்கள் காசை ஒழுங்காக அனுப்பினர். நண்பரிடம் பிரதி எடுத்துவிட்ட ஒருவர்கூட, மனச்சாட்சி உறுத்தி 5 டொலரை அனுப்பிவைத்தாராம்.

சங்கத்தைக் கடைசியில் தளர்த்தியது களவு அல்ல, வெற்றிதான். அங்கத்தவர் பலர் கம்பனி தொடங்கினர். கம்பனி தொடங்கியவருக்கு வரைபடப் பகுதியில் எழுந்து பேச வாய் வராது. அடுத்த மாதம் விற்கப் போவதை இன்று எப்படிச் சொல்வது? பக்கத்துக் கதிரையில் இருந்த நண்பர் இப்போது போட்டிக்காரர். மூர் முதல் வருடத்திலேயே விலகித் தன் சமாதானப் பணிக்குத் திரும்பிவிட்டார். 1997இல் ஒரு வீதி விபத்தில் இறந்தார். சங்கத்தின் கடைசிக் கூட்டம் 1986 டிசெம்பரில் நடந்தது.

ஊர் ஊராக

அதற்குள் வழக்கம் பரவிவிட்டது. பொஸ்ரன் நகரில் 1977இல் 13 வயதுப் பையன் ஒருவன் தொடங்கி வைத்த கணனிச் சங்கம், மாதாந்தக் கூட்டங்களோடு பெரிய இயக்கமாக வளர்ந்து 1996வரை நீடித்தது. நாடாச் சண்டைக்கும் ஒரு வழி பிறந்தது. எழுதியவரே மனமொப்பி, இதை எவரும் பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் திருத்தியதையும் அதேபோல் பிறருக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று உரிமைப் பத்திரம் எழுதி வைப்பது. றிச்சார்ட் ஸ்ரோல்மன் 1983இல் தொடங்கிய முயற்சி அது. 1991இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கிய 'லினக்ஸ்' அவ்வழியில் உலகெங்கும் பரவியது. விற்பனைக் கம்பனியின் உதவி இல்லாததால், பாவிப்போரே ஊர்தோறும் குழுவாகக் கூடி மாதம் ஒரு தடவை ஒருவருக்கொருவர் பேசிப் படிப்பித்தனர். சென்னையில் அப்படியொரு குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிவந்தது.

தடி வைத்திருந்த பெல்சன்ஸ்ரைன் என்ன ஆனார்? அவரை இளமையில் ஒரு நூல் ஆட்கொண்டிருந்தது. கத்தோலிக்கக் குருவாக இருந்த ஐவன் இலிச் 1973இல் எழுதிய, மனிதர் தம் கைக்குள் அடக்கி ஆளக்கூடிய கருவிகளைப் பற்றிய நூல் அது. மத்திய அமெரிக்கக் கிராமங்களுக்கு வானொலிப் பெட்டி வந்து சிறிது காலத்துக்குள், அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் அக்கிராமங்களிலேயே தோன்றினர் என்ற செய்தி அவர் மனத்தில் நின்றது. கணனியும் அப்படி இருக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

2002ஆம் ஆண்டளவில் லாவோஸ் நாட்டிலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. லீ தோர்ன் என்பவர் வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் குண்டுகளை விமானங்களில் ஏற்றியவர். அக்குண்டுகள் லாவோஸ் மீது விழுந்தன. பின்னாளில் அந்த மக்களிடமே திரும்பிப் போய்த் தொண்டு செய்தார். போரில் இடம்பெயர்ந்து வேறிடத்தில் குடியேறிய நெற்செய்கைக் கிராமத்தவர் அவரிடம் கேட்டவை எளியவை. சந்தையில் நெல் என்ன விலை போகிறது என்று மூட்டையை ஏற்றுமுன் அறிய வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினரோடு கதைக்க வேண்டும். மின்சாரமும் இல்லை, தொலைபேசிக் கம்பியும் இல்லை. பெல்சன்ஸ்ரைன் சைக்கிள் பெடல் மிதித்து மின்சாரம் எடுக்கும் கணனியொன்றை வடிவமைத்தார். அதில் ஓடியது லினக்ஸ், திரையில் லாவோ மொழி. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இன்றி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட யாழ்ப்பாணத்தவருக்கு இந்த யோசனை புதிதல்ல. 2003 பெப்ரவரியில் திறப்பு நாளன்று கருவி மக்கர் பண்ணியது. எதிர்பார்த்தபடி அது பரவவில்லை. ஆனால் கிராமத்தவர் என்ன வேண்டும் என்று சொன்ன பிறகே கருவி செய்யத் தொடங்கினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் கருவி முதலில் வந்துவிடும், தேவையைப் பிறகு எழுதுவார்கள்.

எமது நாட்டிலும் ஒன்று நடந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின், எந்த முகாமில் எத்தனை பேர், யார் யாரைத் தேடுகின்றனர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. ஒரு முகாமுக்கு மூன்று லொறி உடுப்பு வந்திறங்க, அடுத்த முகாமில் பாய் இல்லை. இப்படியான காட்சிகள் எம்மில் பலருக்கு அதற்கு முன்பும் பின்பும் பழக்கமானவை. இலங்கையின் மென்பொருளாளர்கள் பலர் சம்பளமின்றிக் கூடி, சில கிழமைகளுக்குள் 'சகன' என்ற மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகியவை அதில் இருந்தன. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதைத் திறந்த உரிமைப் பத்திரத்துடன் வளர்த்தது.

அதனால் 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது கேட்டு அனுமதி வாங்கும் வேலை இருக்கவில்லை. 2006இல் பிலிப்பைன்சில் மண்சரிவு, இந்தோனேசியாவில் நிலநடுக்கம். அங்கும் பயன்பட்டது. ஸ்ரோல்மன் தொடங்கிய அமைப்பு, சமூகப் பயனுள்ள மென்பொருளுக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. 2010இல் ஹெயிற்றி நாட்டின் தலைநகர் இடிந்து விழுந்தபோது, எந்த ஆஸ்பத்திரி இன்னும் நிற்கிறது, எங்கே கட்டில் இருக்கிறது என்ற பட்டியலைத் தொண்டர்கள் அதைக்கொண்டே தயாரித்தனர்.